பழைய 15 அங்குல மானிட்டரில் பிஎஸ்2: படமே வரவில்லை, என்ன செய்யலாம்?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் தம்பியின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 என்ற வீடியோ கேம் கன்சோல்) கிடைத்தது. கறுப்பு நிற ஸ்லிம் மாடல். இரண்டு கண்ட்ரோலர், ஒரு 8 எம்பி மெமரி கார்டு, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய டிஸ்க். அந்தக் கார்டில் அவன் கல்லூரி முதலாண்டில் பாதி ஆடி நிறுத்திய கிரிக்கெட் தொடர் இருக்கிறது. தம்பி இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு வருகிறான். அவன் வந்து இறங்கும்போது இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கும் என் ஒன்பது வயது மகனுக்கும் ரொம்ப ஆசை.

ஹால் டிவி சுவரில் உயரத்தில் இருக்கிறது. மாமாவும் அத்தையும் பார்ப்பது, அதில் கை வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அப்பா டிடிபி சென்டர் வைத்திருந்தபோது 2006ல் வாங்கிய எல்சிடி மானிட்டர் ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 15 அங்குலம், 1024க்கு 768. பின்னால் கணினியை இணைக்கும் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும்தான், ஸ்பீக்கர் கிடையாது. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அதில்தான் தயாரானது. படம் இன்றும் தெளிவாக இருக்கிறது.

ஆன்லைனில் 220 ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கினேன். ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாக்கெட். பிஎஸ்2வின் மஞ்சள் வயரைப் பச்சையில் செருகிப் பார்த்தேன். மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு, விளக்கை ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றித் தூங்கிவிடுகிறது. சிவப்பிலும் நீலத்திலும் செருகிப் பார்த்தேன், அதே கதைதான்.

கெட்டுப்போனது எது? பிஎஸ்2வா, மானிட்டரா, கேபிளா? இப்படி மாற்றி மாற்றிச் செருகியதில் மானிட்டருக்கு ஏதாவது ஆகியிருக்குமா? அப்புறம், சத்தத்துக்கு என்ன வழி?

---

டிவி மெக்கானிக் எழுதியது:

சகோதரி, எதுவுமே கெடவில்லை. கவலையை விடுங்கள். மானிட்டருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தனக்குப் புரியாத சிக்னல் வந்தால் அது திரையை அணைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். இதே கேள்வியோடு கடைக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

டிவி படம் கோடு கோடாக வரையப்படுவது. பிஎஸ்2 நம் ஊர் டிவி முறையான ‘பால்’ (PAL) முறையில் ஒரு நொடிக்கு 15,625 கோடுகளை அனுப்புகிறது. அதுவும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை என்று பாதிப் பாதியாக. கணினி மானிட்டர் வேறு பழக்கத்தில் வளர்ந்தது. விஜிஏவில் ஆகக் குறைந்த 640க்கு 480 படத்துக்கே நொடிக்குச் சுமார் 31,500 கோடுகள் வேண்டும். உங்கள் மானிட்டர் கையேடு இருந்தால் பாருங்கள், கிடைமட்ட அதிர்வெண் 30 கிலோஹெர்ட்ஸிலோ, அதாவது நொடிக்கு 30,000 கோடுகளிலோ, அதற்குச் சற்று மேலோ தொடங்கும். பதினைந்தை அதற்கு அடையாளமே தெரியாது.

நீங்கள் வாங்கிய கேபிளுக்குள் வெறும் செம்புக் கம்பிதான் இருக்கிறது. 15ஐ 31 ஆக்குகிற சிப் எதுவும் கிடையாது. சில புரொஜெக்டர்கள் விஜிஏ சாக்கெட் வழியாகவே காம்பொனென்ட் சிக்னலையும் (படத்தை மூன்று வயராகப் பிரித்து அனுப்புவது) வாங்கிக்கொள்ளும். அந்தக் கேபிள் அவற்றுக்காகச் செய்தது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எத்தனையோ பேர் இதில் காசை விட்டிருக்கிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

உங்களுக்கு வேண்டியது ‘ஏவி டு விஜிஏ கன்வெர்ட்டர்’ என்ற சிறிய பெட்டி. அதற்குத் தனியாகக் கரண்ட் இணைப்பு இருக்க வேண்டும். கரண்டே வேண்டாம் என்று ஒன்றை விற்றால் அது வெறும் கேபிள்தான், வாங்காதீர்கள். ரெசல்யூஷன் மாற்றும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து எடுத்து, 1024க்கு 768ல் வையுங்கள். உங்கள் மானிட்டர் 4க்கு 3 வடிவம். பிஎஸ்2வில் பெரும்பாலான விளையாட்டுகளும் அதே வடிவம். அகலத் திரையில் தெரிவதுபோல ஆட்கள் குட்டையாக, குண்டாகத் தெரிய மாட்டார்கள். அப்பாவின் மானிட்டர் இந்த வேலைக்கு நல்ல பொருத்தம்.

முடிந்தால் மஞ்சள் வயரோடு நிறுத்தாதீர்கள். அந்த ஒற்றை வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும், ஸ்கோர் போர்டைப் படிக்கவே கண் வலிக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கு மூன்றும் ஒலிக்கு இரண்டுமாக ஐந்து முனை உள்ள பிஎஸ்2 காம்பொனென்ட் கேபிள் தனியாகக் கிடைக்கும். கன்வெர்ட்டரிலும் அந்த மூன்று சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: முதலில் மஞ்சள் வயரிலேயே படத்தை வரவழைத்து, டிஸ்க் போடாமல் பிஎஸ்2வின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போய், காம்பொனென்ட் வீடியோ அவுட் என்பதை ஆர்ஜிபியிலிருந்து ஒய் சிபி சிஆர் பக்கம் மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு கேபிளை மாற்றுங்கள். இதை மறந்தால் நிறமெல்லாம் தாறுமாறாக வந்து, கேபிள் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

சத்தம் சுலபம். வெள்ளையும் சிவப்பும் ஒலி வயர்கள். அவற்றை 3.5 மில்லிமீட்டர் பின்னாக மாற்றும் துண்டுக் கேபிள் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். கணினி ஸ்பீக்கரில் செருகினால் போதும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பாதியாக வரும் படத்தைப் பெட்டி சேர்த்துத் தைத்து அனுப்புவதற்குள் கொஞ்சம் தாமதமாகிறது. கார் ஓட்டுவதில் பெரிதாகத் தெரியாது. கிரிக்கெட்டில் தெரியும், மட்டையை ஒரு கணம் முன்கூட்டியே வீசப் பழக வேண்டும். இந்தத் தாமதம் துளியும் இல்லாத திரை பழைய குழாய் டிவிதான். அதனால் யார் வீட்டிலாவது ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். குழாய் மானிட்டர் என்பது வேறு. கண்ணாடி ஒன்றுபோல இருந்தாலும் அதுவும் 30 கிலோஹெர்ட்ஸ் கட்சிதான்.

---

அறை எண் 14 எழுதியது:

அக்கா, என் அனுபவத்தையும் சொல்கிறேன். பிஎஸ்2வின் பின்னால் செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டரையும் வேறொரு எச்டிஎம்ஐ டு விஜிஏ அடாப்டரையும் சேர்த்தால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். நானும் விடுதியில் அப்படித்தான் செய்தேன், படம் வரவில்லை. எதனால் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதைப் படித்த பிறகுதான் புரிகிறது. அந்தச் சின்ன அடாப்டர் சிக்னலை டிஜிட்டலாக மாற்றுகிறதே தவிர, கோடுகளின் எண்ணிக்கையை ஏற்றுவதில்லை. விஜிஏ பக்கம் வரும்போது அதே பழைய பதினைந்துதான்.

ஆனால் என் பிஎஸ்4 ஸ்லிம் 17 அங்குல மானிட்டரில் ஓடுகிறது. அதில் எச்டிஎம்ஐ டு விஜிஏ அடாப்டர் ஒன்றே போதும், ஏனென்றால் பிஎஸ்4 அனுப்புவது முழுப்படம். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டத்துக்குள் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டை அணைக்க வேண்டும், இல்லையென்றால் என் அடாப்டரில் திரை கறுப்பாகவே நிற்கும். கன்சோலுக்குள் போகவே படம் தெரியவில்லை என்றால் நண்பர் வீட்டு டிவியில் ஒரு தடவை செருகி மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் ஒலி: கண்ட்ரோலரின் அடியிலுள்ள சாக்கெட்டில் ஹெட்போனைச் செருகி, ஆடியோ டிவைசஸில் ‘எல்லா ஒலியும்’ என்று வைத்தால் முழுச் சத்தமும் அதில் வரும்.

அண்ணே, ஒரு சந்தேகம். அடாப்டரில் கூடுதலாக ஒரு சின்ன யுஎஸ்பி சாக்கெட் இருக்கிறதே, அது எதற்கு?

---

டிவி மெக்கானிக் எழுதியது:

தம்பி, எச்டிஎம்ஐ சாக்கெட் 5 வோல்ட்டில் 55 மில்லியாம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. உள்ளே இருக்கும் சிப் அதைவிட அதிகம் இழுத்தால் படம் விட்டு விட்டு வரும். அப்படி வந்தால் போன் சார்ஜரிலிருந்து அந்தச் சாக்கெட்டுக்குக் கரண்ட் கொடு, நின்றுவிடும்.

---

காவிரிக்கரை எழுதியது:

அண்ணா, படம் வந்துவிட்டது! பெட்டியும் காம்பொனென்ட் கேபிளும் நேற்று வந்தன. நீங்கள் சொன்னபடி முதலில் மஞ்சள் வயரில் போட்டேன். பிஎஸ்2 திறக்கும்போது வருமே அந்த நீல வெளிச்சம், அதைப் பார்த்ததும் பையன் குதித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மஞ்சள் வயரில் இருந்தபோது ஒரு டிஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் ஓடியது. தம்பியின் நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது, எங்கள் பிஎஸ்2 வேறு நாட்டு டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்டது என்பதால் ஓடுகிறது. பிறகு செட்டிங் மாற்றிக் காம்பொனென்ட் கேபிளைப் போட்டதும் அதே டிஸ்க் முழு நிறத்தில் வந்தது. இது எப்படி?

கிரிக்கெட் தொடரும் கார்டில் பத்திரமாக இருக்கிறது. நாலாவது டெஸ்ட், மூன்றாம் நாள், ஏழு விக்கெட் போயிருக்கிறது. அதைத் தொடவே கூடாது என்று பையனிடம் சொல்லி, அவனுக்குத் தனியாக ஒரு ஆட்டம் தொடங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாமதம் எனக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இன்னொன்று, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் தேதியும் நேரமும் கேட்கிறது.

---

டிவி மெக்கானிக் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் சகோதரி. மஞ்சள் வயரில் நிறம் ஓர் அலையாக மேலே ஏறி வருகிறது. நம் ‘பால்’ முறையில் அந்த அலை 4.43 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க முறையில் 3.58. பெட்டி ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்று வந்தால் நிறத்தைப் பிரிக்கத் தெரியாமல் வெளிச்சத்தை மட்டும் காட்டும். காம்பொனென்டில் நிறம் தனி வயரில் வருவதால் அந்தச் சிக்கலே இல்லை.

தேதி கேட்பது உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்ததால். விளையாட்டுக்கும் கார்டுக்கும் அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. ஸ்லிம் மாடலைத் திறக்கும்போது லேசர் லென்ஸின் மெல்லிய பட்டை வயர் எளிதில் கிழிந்துவிடும், அதனால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பொங்கல் வரை தேதியைக் கையாலேயே போட்டுக்கொள்ளுங்கள். தம்பி அந்த டெஸ்டை ஆடி முடித்த பிறகு கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அந்த மூன்று விக்கெட் என்ன ஆனது என்று இங்கே வந்து சொல்லுங்கள், காத்திருப்பேன்.