சிலி தேர்தல்ல சிஐஏ புகுந்ததுக்கு யாராவது தண்டனை வாங்கினாங்களா?

மழைக்காடு:
1970 சிலி தேர்தல் பத்தி படிச்சிட்டு இருக்கேன். இடதுசாரி வேட்பாளர் அலெண்டே 36 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வாங்கி முதல் இடம், ஆனா மெஜாரிட்டி இல்ல, அதனால அவங்க பார்லிமென்ட் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும், அதுக்குள்ள அவரை ஆட்சிக்கு வரவிடாம பண்ணுங்கன்னு அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அவங்க உளவு அமைப்பான சிஐஏவுக்கு உத்தரவு போட்டிருக்கார், சான்டியாகோல இருந்த அமெரிக்கத் தூதருக்கே சொல்லாம. இதெல்லாம் வெளிய வந்தப்புறம் யாருக்காவது தண்டனை கெடைச்சுதா?

கடலோரம்:
ஒருத்தர் மாட்டினார் நண்பா, ஆனா செஞ்சதுக்கு இல்ல, பொய் சொன்னதுக்கு. சிஐஏ தலைவரா இருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் 1973ல செனட் கமிட்டி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, அலெண்டேவோட எதிரிகளுக்கு நாங்க பணம் குடுக்கலன்னார். 1977ல கேஸ் வந்துச்சு, 2000 டாலர் ஃபைன், 2 வருஷ ஜெயில் தண்டனையை நிறுத்தி வெச்சுட்டாங்க. அந்த ஃபைனையும் ரிட்டயர் ஆன சிஐஏ ஆளுங்களே வசூல் பண்ணிக் குடுத்தாங்க, படிக்கும்போது வயிறு எரிஞ்சுது.

செந்தூரன்88:
எனக்கு மனசு ஆறாதது ஜெனரல் ஷ்னைடர் விஷயம்தான். சிலி ராணுவத் தளபதி, மக்கள் ஓட்டுல ராணுவம் தலையிடக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னவர். அவரைக் கடத்திட்டா ராணுவம் ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிடும்னு கணக்கு போட்டாங்க. அக்டோபர் 22 கார்ல போறப்போ மறிச்சு சுட்டாங்க, 25ந்தேதி இறந்துட்டார், அதுக்கு முந்தின நாள்தான் பார்லிமென்ட் ஓட்டுல 153க்கு 35னு அலெண்டே ஜெயிச்சார். சிஐஏ துப்பாக்கி குடுத்தது ஒரு கோஷ்டிக்கு, சுட்டது இன்னொரு கோஷ்டின்னு 1975ல சிஐஏ வேலைகளை விசாரிச்ச அமெரிக்க செனட்டோட சர்ச் கமிட்டி எழுதிச்சு. சரி, ஆனா சுட்ட கோஷ்டிக்கு அப்புறமா 35,000 டாலர் குடுத்ததை 2000ல சிஐஏவே ஒத்துக்கிச்சே! அவர் குடும்பம் 2001ல, அப்போ நிக்சனோட பாதுகாப்பு ஆலோசகரா இருந்த கிஸ்ஸிஞ்சர் மேல கேஸ் போட்டாங்க, இது அரசியல் முடிவு, கோர்ட் விசாரிக்க முடியாதுன்னு தள்ளிட்டாங்க.

கடலோரம்:
ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், அலெண்டேவைக் கவுத்த 1973 ராணுவப் புரட்சியில அமெரிக்கா நேரடியா கை வெச்சதுக்கு ஆதாரம் கெடைக்கலன்னுதான் சர்ச் கமிட்டி சொல்லுது, அதையும் இதையும் கலக்க வேணாம். 1964 தேர்தல்ல அலெண்டேவை எதிர்த்து நின்ன ஃப்ரேயோட பிரச்சாரச் செலவுல பாதிக்கு மேல சிஐஏ பணம்னும் அதே கமிட்டிதான் எழுதினது. தண்டனை இல்லன்னாலும், ரகசிய வேலைன்னா ஜனாதிபதி ஒப்புதல் வேணும், காங்கிரஸுக்குச் சொல்லணும்னு 1974ல சட்டம் வந்துச்சு, 1976ல உளவுத்துறையைக் கண்காணிக்க செனட்ல நிரந்தரக் கமிட்டியும் போட்டாங்க.

மழைக்காடு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஷ்னைடர் குடும்பம் கோர்ட்டுக்குப் போனதே எனக்குத் தெரியாது, அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிச்சிட்டு வர்றேன்.