மாடு மேயக் கூடாது, வேட்டைக்காரர் வரலாமா?

சோலைமந்தி:
1959-ல, பிரிட்டிஷ் ஆட்சி நடந்தப்போ, இன்னைய தான்சானியாவுல இருக்கிற செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்காக, மாடு மேய்ச்சுப் பிழைக்கிற மசாய் மக்களை வெளியேத்தினாங்க. 'பக்கத்துல இருக்கிற கொரொங்கோரோவுல மாடு மேய்ச்சுப் பிழைச்சுக்கோங்க'ன்னு வாக்கும் கொடுத்தாங்க. இப்போ தான்சானியா அரசு அங்கிருந்தும் கிளம்பச் சொல்லுது. காட்டைக் காப்பாத்த எப்பவும் ஒரே சனம்தான் மூட்டை கட்டணுமா?

கரிச்சான்:
கணக்கையும் பாருங்க. அன்னைக்குக் கொரொங்கோரோவுல சுமார் 8,000 பேர். இன்னைக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. நிலம் அதே அளவுதான். வறட்சி வந்தா ஒரே புல்லுக்கு மாடும் வரிக்குதிரையும் மோதணும். வரிக்குதிரைக்கு ஓட்டும் இல்ல, வக்கீலும் இல்ல.

சோலைமந்தி:
சனம் பெருகினது நிஜம்தான். ஆனா கொரொங்கோரோவுல இருக்கிற பெரிய எரிமலைக் குழியோட விளிம்புல சொகுசு விடுதிகளும்தானே வந்திருக்கு? குழிக்குள்ள குடியிருந்த குடும்பங்களை 1970-கள்லயே கிளப்பியாச்சு. விடுதியை யாரும் கிளப்பலையே!

பக்கத்துல லொலியோண்டோ, அதுவும் மசாய்க்காரங்க மாடு மேய்ச்ச இடம்தான். 2022 ஜூன்ல 1,500 சதுர கிலோமீட்டரை எல்லைக்கல் நட்டுப் பிரிச்சாங்க, எதிர்த்து நின்னவங்க மேல துப்பாக்கிச்சூடு. இப்போ அது 'கேம் ரிசர்வ்', அதாவது வனவிலங்குக் காப்பகம். அந்த வகை இடத்துல உரிமம் வாங்கினா வேட்டையாடச் சட்டமே அனுமதிக்குது. மாடு மேய்ஞ்சா அழிவு, காசு கட்டிச் சுட்டா பாதுகாப்பு. நல்லா இருக்குங்க நியாயம்.

கரிச்சான்:
வேட்டைக் கட்டணத்துலதான் ஆப்பிரிக்காவுல பல இடத்துல காவலர் சம்பளமே ஓடுது. நமக்குக் கசக்குதுங்கிறதுக்காக அது பொய் ஆயிடாது.

இருவாச்சி:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். வேட்டை சரியா தப்பாங்கிறதை விட, பணம் யார் கைக்குப் போகுதுங்கிறதுதான் விஷயம். நமீபியாவுல வெள்ளைக்காரப் பண்ணை முதலாளிகளுக்கு அவங்க நிலத்து விலங்குகள் மேல உரிமை இருந்துச்சு. கறுப்பின மக்களோட பொது நிலத்துல அது கிடையாது, மானைத் தொட்டாலே திருட்டு வேட்டை. சுதந்திரத்துக்கு அப்புறம், 1996-ல, சட்டத்தைத் திருத்தி ஊர் அமைப்புகளுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தாங்க. இப்போ அப்படி 80-க்கும் மேல இருக்கு. கட்டணம் ஊருக்கு, இறைச்சியில வீடுகளுக்குப் பங்கு. காவலுக்குப் போறதும் ஊர்க்காரங்கதான். பணம் எல்லா வீட்டுக்கும் ஒழுங்காப் போய்ச் சேரலைன்னு புகாரும் உண்டு, அதையும் சொல்லிடறேன்.

கரிச்சான்:
நமீபியாவுல ஆளே கம்மி. அதைக் கொண்டுவந்து கொரொங்கோரோவுல ஒட்டவைக்க முடியாது.

சோலைமந்தி:
ஒட்டவைக்க வேணாம். எத்தனை மாடு, எந்த மாசம், எந்தப் பக்கம்னு முடிவு பண்ற கூட்டத்துல மசாய்க்காரங்களும் உட்காரட்டும்னுதான் கேக்கறேன். விடுதிக்கு எத்தனை அறைன்னும் அதே கூட்டத்துல பேசட்டும். அதுக்கு ஒத்துக்குவீங்களா?

கரிச்சான்:
அறைக் கணக்குக்கு ஒத்துக்கறேன். மாட்டுக் கணக்கை முதல்ல எழுதி வைங்க.