கோர்ட்ல ஜெயிச்சு காலேஜுக்குள்ள போன கறுப்பின மாணவர்களுக்கு அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?

கேள்வி:
1963 ஜூன் 11 அன்னிக்கு அலபாமா யூனிவர்சிட்டி வாசல்ல கவர்னர் ஜார்ஜ் வாலஸ் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ நிறைய பேரு பாத்திருப்பீங்க. கறுப்பின மாணவர்களான விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் அன்னிக்கே உள்ள போயிட்டாங்க, அதோட எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் நான் படிச்ச எடத்துல எல்லாம் எழுதியிருக்கு. எனக்கு அதுக்கு அடுத்த நாள்தான் தெரியணும். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த யூனிவர்சிட்டில மொத மொதல்ல போன பிள்ளைங்க பக்கத்துல யாரு உக்காந்தா, யாரோட சாப்பிட்டாங்க, ராத்திரி தூங்க முடிஞ்சுதா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
பக்கத்துல உக்காரவே கூடாதுன்னு நிர்வாகமே ஏற்பாடு பண்ணி வச்ச கதை ஒண்ணு இருக்கு. 1948ல ஓக்லஹோமா யூனிவர்சிட்டில ஜார்ஜ் மெக்லாரின்னு ஒருத்தர், கல்வியியல்ல டாக்டரேட் பண்ண வந்தவர், கோர்ட்டு சொன்னதால சேத்துக்கிட்டாங்க ஆனா கிளாஸ்ரூம ஒட்டியிருந்த ஒரு சின்ன அறையில நாற்காலி போட்டு அங்கருந்தே பாடத்த கேளுங்கன்னுட்டாங்க. லைப்ரரில தனி மேசை, கேன்டீன்லயும் தனி மேசை, அதுவும் வேற நேரத்துல. மறுபடி கேஸ் போட்டு 1950ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு. கூடப் படிக்கிறவங்களோட பேசி விவாதிச்சு கத்துக்கிறதும் படிப்புதான், அத தடுக்கக்கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. எனக்கு அந்தத் தீர்ப்புல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், சீட்டு குடுத்தா மட்டும் போதாதுன்னு ஒரு கோர்ட்டே ஒத்துக்கிச்சு பாருங்க.

பதில் 2:
தூக்கத்தப் பத்தி கேட்டீங்கல்ல, ஜார்ஜியா யூனிவர்சிட்டி கதைய படிங்க. 1961 ஜனவரில ஷார்லேன் ஹன்டர், ஹாமில்டன் ஹோம்ஸ்னு ரெண்டு பேரு சேந்தாங்க. ஹன்டருக்கு ஹாஸ்டல்ல கீழ்த்தளத்துல தனி ரூம், மத்த பொண்ணுங்க எல்லாம் மேல. ஜனவரி 11 ராத்திரி பாஸ்கெட்பால் மேட்ச்ல ஜார்ஜியா டெக் கிட்ட தோத்துட்டு வந்த கூட்டம் நேரா அந்த ஹாஸ்டல் முன்னாடி கூடி கல்லும் பாட்டிலும் எறிஞ்சு ஜன்னல ஒடச்சுது, போலீஸ் கண்ணீர்புகை போட வேண்டியதாயிடுச்சு. இதுக்கு தண்டனை யாருக்குன்னா, உங்க பாதுகாப்புக்குத்தான்னு சொல்லி ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க! அவங்க கெளம்பும்போது ஒரு பொண்ணு காசத் தூக்கி எறிஞ்சு, போய் என் பெட்ஷீட்ட மாத்துன்னு சொன்னாளாம். எனக்கு கல் எறிஞ்சத விட இதுதான் மனசுல நிக்குது. கோர்ட்டு உத்தரவு போட்டு சில நாள்லயே திரும்ப வந்துட்டாங்க, ஆனா அப்புறமும் மேல் மாடில இருந்து தரைய மிதிச்சு சத்தம் போடுறது நிக்கல.
ஹோம்ஸ் ஸ்கூல்ல நல்லா ஃபுட்பால் ஆடினவரு, இங்க டீம்ல சேத்துக்கல. ஊருல ஒரு கறுப்பினக் குடும்பத்தோட தங்கி படிச்சாரு. ரெண்டு பேருமே 1963ல பட்டம் வாங்கிட்டாங்க, ஹோம்ஸ் எலும்பு டாக்டர் ஆனாரு, ஹன்டர் பெரிய பத்திரிகையாளர் ஆனாங்க.

பதில் 3:
அதே ஜார்ஜியாவுல சேந்த மேரி ஃபிரான்சிஸ் எர்லிய விட்டுட்டீங்களே?

பதில் 2:
ஆமா மன்னிக்கணும், நான் சொல்லவே இல்ல. அந்தக் கலவரத்தப் பாத்துட்டு, இவங்க ரெண்டு பேரு மட்டும் தனியா கெடக்கக் கூடாதுன்னு மிச்சிகன்ல படிச்சிட்டு இருந்தத விட்டுட்டு வந்து சேந்தவங்க. 1962ல அந்த யூனிவர்சிட்டில பட்டம் வாங்கின மொத கறுப்பினப் பட்டதாரியே அவங்கதான்.

பதில் 4:
கலவரம் பண்ண கும்பல மட்டும் திட்டிட்டு போறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மிசிசிப்பி யூனிவர்சிட்டில ஜேம்ஸ் மெரிடித் சேந்தப்ப நடந்த கலவரத்துல ரெண்டு பேரு செத்தாங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவரு சாப்பிட உக்காந்தா மேசையில இருந்த மத்தவங்க எந்திரிச்சுப் போவாங்க, ராத்திரில ரூமுக்கு மேல பந்த தட்டிக்கிட்டே இருப்பாங்க, எங்க போனாலும் பாதுகாப்புக்குக் கூட மார்ஷல்ங்க, அதாவது மத்திய அரசோட காவலர்கள். அதெல்லாம் பண்ணது சாதாரண ஸ்டூடண்ட்ஸ். டெக்சாஸ்ல 1957ல பார்பரா ஸ்மித் கான்ராடுங்கிற பொண்ணு ஒரு ஆபரால, அதாவது பாட்டாவே நடக்கிற நாடகத்துல, வெள்ளைக்காரப் பையனுக்கு ஜோடியா முக்கியமான ரோல்ல பாட செலக்ட் ஆச்சு, சட்டசபை ஆளுங்க சிலரு கத்தினதும் நிர்வாகம் அந்தப் பொண்ண தூக்கிடுச்சு. யாரும் ஒரு கல்லு கூட எறியல. அந்தப் பொண்ணு போகாம அங்கயே இருந்து படிச்சு முடிச்சு, பின்னாடி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவுலயே பாடுச்சு.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்த காச எறிஞ்சத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அலபாமாவுல மலோனுக்கு முன்னாடியே ஒருத்தர் போனாங்கன்னு கேள்விப்பட்டேன், அவங்க என்ன ஆனாங்க?

பதில் 1:
ஆதரின் லூசி. 1956 பிப்ரவரில சேந்தாங்க, மூணே நாள் கிளாஸ், அதுக்குள்ள கும்பல் தொரத்தி சஸ்பெண்ட் பண்ணி அப்புறம் டிஸ்மிஸே பண்ணிட்டாங்க. அந்த டிஸ்மிஸ்ஸ வாபஸ் வாங்க 1988 ஆச்சு, 32 வருஷம்! திரும்பப் போய் சேந்து 1992ல மாஸ்டர்ஸ் முடிச்சாங்க, அதே பட்டமளிப்புல அவங்க பொண்ணும் டிகிரி வாங்குச்சு.
2022ல ஒரு கட்டிடத்துக்கு அவங்க பேர வைக்கலாம்னு முடிவு பண்ணப்போ, ஏற்கனவே அதுல இருந்த பிப் கிரேவ்ஸ்ங்கிற பழைய கவர்னர் பேரையும் சேத்தே வச்சாங்க, அவரு கு கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறி அமைப்புல இருந்த ஆளு. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எதிர்த்த பிறகுதான் அவங்க பேரு மட்டும்னு மாத்தினாங்க. திறப்புவிழாவுக்கு நேர்ல வந்தாங்க, அடுத்த சில நாள்லயே 92 வயசுல இறந்துட்டாங்க.