இலங்கை மலைநாட்டு ஹட்டன் வீட்டுக்கு முதலில் சீலிங் ஃபேனா, எக்ஸோஸ்ட் ஃபேனா?

புதுவீட்டுக்காரன், ஹட்டன்
தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு 7 பேர்ச் காணியில் தனிவீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகுது. கையில் இருக்கிற காசுக்கு ஒன்றுதான் முடியும்: ஹோலுக்கு ஒரு சீலிங் ஃபேன், இல்லாவிட்டால் பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் எக்ஸோஸ்ட். அம்மாவுக்கு விறகடுப்பு இல்லாமல் ஆகாது, காஸ் அடுப்பும் இருக்கு. பாத்ரூம் சுவரில் இப்பவே கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. தங்கச்சி சீலிங் ஃபேன்தான் என்று நிற்கிறாள், உடுப்பு காயவில்லையாம்.

கம்பளிக்காரன், நுவரெலியா
ஹட்டனில் சீலிங் ஃபேனா? ஃபேன் அறையைக் குளிராக்காது, நம்ம வியர்வையைக் காயவைக்கிறதால்தான் குளிருது. வியர்வையே வராத ஊரில் அதற்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் கட்டும்போதே கொக்கி வைத்தார்கள், பதினொரு வருஷமாக அதில் மகளின் பிறந்தநாள் பலூன் மட்டும்தான் தொங்குது.

பதுளை அக்கா
மலைநாடு என்றால் உங்களுக்கு நுவரெலியா மட்டும்தானா தம்பி? நீங்கள் இருப்பது 1,868 மீட்டரில். பதுளை 700 மீட்டர்கூட இல்லை, கண்டி அதற்கும் கீழே. ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்கு எங்கள் தகரக் கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டு அப்புறம் பலூன் கதை சொல்லுங்கள். அந்தத் தங்கச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கு. வட்டவளையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஜூலை மழைக்கு ஒரு பள்ளிக்கூடச் சட்டை மூன்று நாள் காயாமல் தொங்கியதைப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே போட்டபிறகுதான் காய்ந்தது.

வயரிங் பாஸ், தலவாக்கலை
அக்கா, சட்டை காய்ந்தது சரி, அந்தத் தண்ணீர் எங்கே போனது? ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனைச் சுழலவிட்டால் உடுப்பில் இருந்த ஈரம் காற்றுக்கு வரும், காற்றிலிருந்து வீட்டிலேயே குளிர்ந்த சுவர் எதுவோ அதில் போய்ப் படியும். பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கிற காற்றைத்தான் கிண்டும், எக்ஸோஸ்ட்தான் வெளியே தள்ளும்.

அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. பாத்ரூம் 5க்கு 7 அடி, உயரம் 8 என்றால் 280 கன அடி. மணிக்கு 8 தடவை காற்று மாறினால் போதும், நிமிடத்துக்கு 37 கன அடிதான் வருது, 6 அங்குல ஃபேன் தாராளம். அடுப்படி 8க்கு 10 என்றால் 640 கன அடி, அங்கே 15 தடவையாவது மாறவேண்டும், அப்போது நிமிடத்துக்கு 160 வரும். பெட்டியில் கன மீட்டரில் போட்டிருந்தால் மணிக்கு 270 அளவு இருக்கா என்று பாருங்கள். கடையில் "பெரிசா எடுங்க" என்பார்கள், சத்தம்தான் பெரிசாக இருக்கும். ஃபேனை மேலே, கதவுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், கதவுக்குக் கீழே ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எதை வெளியே தள்ளும்? ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலையே திறந்து வைத்தால் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டு இருக்கும், அறை அப்படியே கிடக்கும்.

பொகவந்தலாவைப் பெரியவர்
நாங்கள் லயத்துக் காம்பராவில் ஏழு பேர் இருந்தோம், எந்த ஃபேனும் இல்லை. புகை ஓட்டிடுக்கால் போகும். இப்போது எல்லாவற்றையும் அடைத்துக் கட்டிவிட்டு ஓட்டை போட ஒரு மெஷின் வாங்குகிறீர்கள். ஜன்னலைத் திற தம்பி, காசு மிச்சம்.

வயரிங் பாஸ், தலவாக்கலை
திறந்தால் ஐயா, தென்மேல் பருவ மழைக்காலத்தில் மூடுபனி அப்படியே உள்ளே வந்து உட்காருதே?

பொகவந்தலாவைப் பெரியவர்
வரட்டும், அது போயும் விடும். இன்னொன்று கேள். மருமகன் வீட்டு அடுப்படியில் எக்ஸோஸ்ட் போட்டான். ஜன்னலைச் சாத்திவிட்டு சுவிட்சைப் போட்டால் புகைக்கூண்டால் போகவேண்டிய விறகுப் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்குது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கிறாள். அதற்கு உன் கணக்கில் என்ன பதில்?

வயரிங் பாஸ், தலவாக்கலை
அது உண்மை, நான்தான் சொல்ல விட்டுவிட்டேன். ஃபேன் காற்றை இழுக்கும்போது வேறு வழி இல்லாவிட்டால் புகைக்கூண்டு வழியாக இழுக்கும். புகையோடு காபன் மொனொக்சைட் என்ற விஷவாயுவும் வரும், அதற்கு மணமும் கிடையாது. விறகு எரியும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேனைப் போடவே கூடாது. பாத்ரூமுக்குள்ளே காஸில் தண்ணீர் சுடவைக்கும் கீசர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். ஹட்டன் தம்பி, அம்மா விறகடுப்பை விடமாட்டார் என்றால் அடுப்படி எக்ஸோஸ்டை இப்போதைக்கு விடுங்கள்.

கம்பளிக்காரன், நுவரெலியா
பெரியவருக்கு ஒரு பொயின்ட்.

பதுளை அக்கா
என்றைக்காவது சீலிங் ஃபேன் வாங்கினால் பிஎல்டிசி மோட்டர் உள்ளதை எடுங்கள். சாதாரண ஃபேன் 75 வாட், இது 30 அளவு. தினம் 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 யூனிட் எங்கே, 7 யூனிட் எங்கே. பில் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுக்கும் விலை கூடிவிடும், அந்தப் பதினொரு யூனிட்டில்தான் நாங்கள் தப்பிக்கிறோம். பின்னேரம் கரண்ட் அழுத்தம் குறையும்போதும் வேகம் விழாது. இறக்கைக்கும் தரைக்கும் 7 அடியாவது இருக்கட்டும், கொக்கியை சீலிங் பலகையில் மாட்டாமல் மரச்சட்டத்தில் மாட்டுங்கள். கடைக்காரர் "குளிர்காலத்துக்கு எதிர்ப்பக்கம் சுழலும்" என்று ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டார். மேலே சூடான காற்று இருந்தால்தானே கீழே தள்ள?

புதுவீட்டுக்காரன், ஹட்டன்
சரி, பாத்ரூமுக்கு மட்டும் 6 அங்குலம் ஒன்று, மழை உள்ளே அடிக்காமல் வெளியே ஷட்டர் இருக்கிறதாக. அடுப்படிக்கு ஜன்னல். தங்கச்சியிடம் சொன்னேன், "அப்ப என் யூனிஃபோமை நீ காயவை" என்கிறாள்.

வயரிங் பாஸ், தலவாக்கலை
ராத்திரி பாத்ரூமிலேயே கயிறு கட்டி உடுப்பைப் போட்டு, எக்ஸோஸ்டை ஓடவிட்டு, கதவைச் சாத்துங்கள். ஈரம் நேராக வெளியே போகும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பொகவந்தலாவைப் பெரியவர்
அப்போ ராத்திரி எழும்புகிறவன் சட்டைகளை விலக்கிக்கொண்டா போவான்?