அங்கோர் வாட்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஜனவரியில் கம்போடியா போகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், அப்புறம் 68 வயது அம்மா. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் பெருமாளுக்குக் கட்டிய கோயில் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா பிடித்த பிடியை விடவில்லை, இப்போது அது புத்தர் கோயில் என்று சொன்னாலும் "அதனால் என்ன, கும்பிட்டால் போச்சு" என்கிறார்.

டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, 12 வயதுக்குக் கீழே இலவசம். அது சரி. தோளும் முழங்காலும் மறைய உடுத்தவேண்டும், அம்மா எப்படியும் புடவைதான்.

குழப்பம் நடையில்தான். உச்சி அடுக்குக்குப் போகும் படிகள் ஏணி மாதிரி செங்குத்து, அம்மாவால் முடியாது, மகளை வயதைக் காட்டி விடமாட்டார்கள், அதனால் நானும் மனைவியும் மாறி மாறி ஏறிக்கொள்வோம். ஆனால் கீழ்ச் சுற்றில் கிழக்குப் பக்கம் பாற்கடல் கடையும் சிற்பம், ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், அதை அம்மாவுக்குக் காட்டாமல் திரும்பினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது! மேற்கு வாசலில் அகழியைத் தாண்டி நெடுந்தூரம் நடப்பதற்குப் பதில் கிழக்கு வாசலில் இறங்கினால் நடை குறையுமா? அங்கேயும் படிகள் எத்தனை?

இன்னொன்று, பாந்தே ஸ்ரீ என்ற இன்னொரு கோயில் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, டுக்டுக் போதுமா, கார் எடுப்பதா? சைவச் சாப்பாட்டுக்கு நல்ல இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள், அம்மா வெங்காயம்கூடத் தொடமாட்டார்.