மலேசியாவில் பாஸில் இருக்கும் குடும்பத்துக்கு மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை), யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பெனி காப்புறுதி வீட்டுக்காரருக்கு மட்டும்தான், டிபெண்டன்ட் பாஸில் (வேலை செய்பவரின் குடும்பத்துக்குத் தரும் தங்கும் அனுமதி) இருக்கும் எனக்கும் நாலு வயது மகளுக்கும் ஒன்றும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. போன மாதம் மகளுக்கு டிங்கிக் காய்ச்சல் (டெங்கு) வந்து ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம், முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள், அந்த ராத்திரியை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

எங்களைப் போன்றவர்களை எந்தக் காப்புறுதியில் சேர்க்கிறார்கள்? பாஸ் புதுப்பிக்கத் தாமதமானால் கார்டு நின்றுவிடுமா? எனக்குத் தைராய்டு இருக்கிறது, அதை விண்ணப்பத்தில் மறைக்காமல்தான் எழுதப்போகிறேன். அப்புறம், சில நோய்களுக்குக் கிளெய்ம் செய்ய, சேர்ந்த பிறகு 120 நாள் காத்திருக்க வேண்டுமாமே, அதனால் சீக்கிரம் சேர்ந்துவிட வேண்டும். நீங்களே எடுத்து கிளெய்ம் செய்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.