அக்சியோ சில்லு நட்டுக்கு என்ன டோர்க் ரென்ச் வாங்கலாம்? கைநூலில் 103 என்றும் இருக்கிறது, 1050 என்றும் இருக்கிறது

ஒட்டுசுட்டான் பொடியன்:
போன கிழமை மாங்குளத்தில் இருந்து வீட்டுக்கு வரும்போது முன் இடது சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. உச்சி வெயில். ஜக் அடித்துவிட்டு, காரோடு வந்த ஸ்பனரைப் போட்டு அதில் ஏறியே நின்றேன். இரண்டு நட்டு அசையவில்லை. வழியால் வந்த ட்ராக்டர்காரர் ஒருவர் நீளமான இரும்புப் பைப் ஒன்று தந்தார். அதைச் செருகி இழுக்க ஒன்று கழன்றது. மற்றது போல்டோடு முறிந்து கையில் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முதல் ரயர் மாற்றிய கடையில் காற்றுக் கன்னால், அதாவது காற்றழுத்தத்தில் நட்டை முறுக்குகிற மெசினால், பூட்டியது அது. பின்னால் நாலு வாகனம் நின்றது, அவர் கன்னைப் பிடித்தது பிடித்தபடி இருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை.

இனி டோர்க் ரென்ச், அதாவது நட்டை அளந்து இறுக்குகிற ஸ்பனர், ஒன்று வாங்கி நானே பூட்டலாம் என்று இருக்கிறேன். கார் 2008 டொயோட்டா அக்சியோ, 1.5 லிட்டர். கைநூல் முழுக்க யப்பானிய மொழி, இலக்கம் மட்டும்தான் விளங்குகிறது. சில்லு நட்டுப் படத்துக்குப் பக்கத்தில் 103 என்றும் 1050 என்றும் போட்டிருக்கிறது. எதைப் பார்த்து இறுக்குவது? கிளிக் என்று சத்தம் போடுகிற ரென்ச் நல்லதா, முள் காட்டுகிறதா? அதையே மாமாவின் ட்ராக்டருக்கும் பாவிக்கலாமா?

பரந்தன் பழைய கை:
தம்பி, முதலில் ஒரு விசயம். ஜக் அடிக்க முதல், சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டை இளக்க வேண்டும். தூக்கிவிட்டு ஏறி மிதித்தால் ஒருநாள் கார் உம்மேல்தான் விழும்.

டோர்க் ரென்ச் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு நட்டுக்கும் எவ்வளவு நீள ஸ்பனர் தேவையோ அந்த அளவுக்குத்தான் ஸ்பனரையே செய்திருக்கிறார்கள். இத்தனை வருசமும் கைக்கணக்கில்தான் பூட்டினேன், ஒரு சில்லும் கழன்று ஓடவில்லை.

வவுனியா ரீச்சர்:
அண்ணை, உங்கள் கைக்குக் கணக்குத் தெரியும். தம்பியின் காலுக்குத் தெரியாதே. காரோடு வரும் ஸ்பனர் ஏறத்தாழ கால் மீட்டர். அறுபது கிலோ ஆள் அதன் நுனியில் ஏறி நின்றால் வரும் திருகு விசை 147 நியூட்டன் மீட்டர். தேவை 103. அதாவது மிதித்துப் பூட்டுகிறவர்கள் எல்லோரும் ஒன்றரை மடங்கு இறுக்குகிறார்கள். அப்படி மிதித்தும் அசையாத நட்டை அந்தக் கன் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று பாருங்கள். துருவும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், முழுப் பழியும் கன்னுக்கு இல்லை.

தம்பி, 103ம் 1050ம் ஒன்றேதான். 103 என்பது நியூட்டன் மீட்டர். 1050 என்பது பழைய கணக்கு: ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் 1050 கிலோ தொங்கினால் வரும் திருகு விசை. ஒரு மீட்டர் தூரத்தில் பத்தரைக் கிலோ தொங்கினாலும் அதேதான். சில ரென்சுகளில் அடி-இறாத்தல் அளவும் இருக்கும். அதில் 76க்கு வைக்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குவது: அடி-இறாத்தல் கோட்டைப் பார்த்து 103க்கு வைத்தால் உண்மையில் 140 நியூட்டன் மீட்டர் போய்விடும். வாங்கும்போது உடம்பில் எந்த அளவு பொறித்திருக்கிறது என்று முதலில் பாரும்.

சில்லுக்கு என்றால் அரை அங்குலச் சதுரத் தலை, 40 முதல் 200 வரை உள்ள கிளிக் ரென்ச் போதும். 103 அதன் நடுவில் விழுகிறது, அதுதான் நல்லது. 200 வரை போகும் ரென்ச்சை 40க்குக் கீழே நம்ப முடியாது. உம்முடைய எஞ்சினின் ஒயில் வடிக்கும் போல்ட் 38 அளவில்தான் வரும், ஸ்பார்க் பிளக் அதிலும் குறைவு. அவற்றுக்கு இதைப் பாவிக்க வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் எட்டில் மூன்று அங்குலத் தலை உள்ள சிறியது ஒன்று வாங்கலாம்.

முள் ரென்ச் மலிவு, பழுதாகவும் ஒன்றுமில்லை. ஆனால் முள்ளை நேராகப் பார்க்க வேண்டும். சில்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்துகொண்டு, கழுத்தைத் திருப்பி, அதையும் பார்த்து இழுப்பது கரைச்சல். பற்றரி போடுகிற டிஜிற்றல் சாமான் எங்கள் செம்மண் புழுதிக்குச் சரிவராது.

கிளிக் என்றதும் ரென்ச் தானாக நிற்காது, நீர்தான் நிற்க வேண்டும். "ஒருக்கால் இன்னும்" என்று இரண்டு மூன்று தரம் கிளிக் அடித்தால் பிறகு டோர்க் ரென்ச் எதற்கு? நட்டுக் கழற்றவும் அதைப் பாவிக்காதேயும். வேலை முடிந்தால் பிடியைத் திருகி மிகக் குறைந்த கோட்டுக்குக் கொண்டுவந்து வையும், அதற்குக் கீழே போகவிட வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சுருள் வில், இறுகினபடி மாதக்கணக்கில் கிடந்தால் தளர்ந்துவிடும்.

முறிந்த போல்டை மாற்றாமல் தூர ஓட்டம் வேண்டாம். அதன் இரு பக்கத்துப் போல்டுகளும் கூடுதல் பாரம் சுமந்திருக்கும், அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

ஒட்டுசுட்டான் பொடியன்:
ரீச்சர், மரையில் கொஞ்சம் ஒயில் விட்டுப் பூட்டினால் அடுத்த தரம் லேசாகக் கழருமே?

வவுனியா ரீச்சர்:
விட வேண்டாம். 103 என்பது உலர்ந்த, துப்புரவான மரைக்குச் சொன்ன கணக்கு. ஒயில் விட்டால் உராய்வு குறையும், அதே 103இல் போல்ட் இன்னும் கூடுதலாக இழுபடும். கம்பித் தூரிகையால் துருவையும் மண்ணையும் தட்டிவிட்டால் போதும்.

கனகராயன்குளம் வெட்டு மெசின்:
பழைய ரென்ச் கிடைத்தால் சரி பார்த்து வாங்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் நான் வாங்கியதை இப்படித்தான் பார்த்தேன். ரென்ச்சின் சதுரத் தலையை வைஸ் இடுக்கியில் கடிக்க வைத்து, பிடியைக் கிடையாக நீட்டி நிறுத்து. 80க்கு வை. தலையின் நடுவில் இருந்து 45 சென்டிமீட்டரில், பிடியில், வெறும் தண்ணிக் கானைக் கயிறு போட்டுத் தொங்கவிடு. தண்ணியை மெல்ல மெல்ல ஊற்று. கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்திக் கானைத் தராசில் நிறு. 18 கிலோ அளவில் வந்தால் சரி. ரென்ச்சின் சொந்தப் பாரமும் இரண்டு மூன்று நியூட்டன் மீட்டர் சேர்க்கும், அதனால் அரைக் கிலோ முந்தியே கிளிக் அடிக்கும். நூற்றுக்கு நாலு கூடக்குறைய இருந்தால் பயப்படாதே, புதிய கிளிக் ரென்சுகளுக்கே வழக்கமாக அவ்வளவுதான் சொல்லுவார்கள்.

ட்ராக்டர் பின் சில்லுக்கு இந்த ரென்ச் பத்தாது. மாமாவுக்குச் சொல்லிவிடு.

பரந்தன் பழைய கை:
தண்ணிக் கான் கணக்கு நல்லாயிருக்கிறது. நானும் என் கையை ஒருக்கால் அதில் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
எல்லோருக்கும் நன்றி. வவுனியாவில் 40–200 கிளிக் ரென்ச் ஒன்று வாங்கினேன், புதியதுதான். ஆனாலும் கான் சோதனையை விடவில்லை. 17 கிலோ 200 கிராமில் கிளிக் அடித்தது. ரென்ச்சின் பாரத்தையும் சேர்த்தால் 78க்கும் 79க்கும் நடுவில் வருகிறது, எனக்குப் போதும்.

முன் இடதில் மூன்று போல்ட் புதிதாகப் போட்டாயிற்று. நட்டை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, காரை நிலத்தில் இறக்கிய பிறகுதான் 103 கொடுத்தேன். நூறு கிலோமீட்டர் ஓடித் திரும்பப் பார்த்ததில் ஒரு நட்டு மட்டும் கால்வாசி சுற்று எடுத்தது. பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் ஆடிக்கொண்டிருந்ததும் குறைந்திருக்கிறது. அதுவும் கூடுதலாக இறுக்கியதால்தானா, ரீச்சர்?

வவுனியா ரீச்சர்:
இருக்கலாம். ஒரு நட்டு கூட, ஒரு நட்டு குறைய இறுக்கினால் பிரேக் டிஸ்க் நேராக இருக்காமல் கோணும். மற்ற மூன்று சில்லையும் அப்படியே கழற்றிப் பூட்டிவிட்டுச் சொல்லும்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
ஞாயிறு செய்கிறேன். நேற்று மாமா வந்து, ட்ராக்டர் சில்லு கழற்ற "அந்தப் புது ஸ்பனரை" இரவல் கேட்டார். நான் பைப்பைத்தான் கொடுத்துவிட்டேன்.